எழும்பி நிற்கவைத்தும் பிரசர் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மாமிக்கு வயது 84. என் கணவரின் தாயார். கடந்த ஐப்பசியில், கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள், விடியப்புறம் நாலரை மணிக்கு விறாந்தைப் படியில் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ரோச் லைற்றுடன் ஓடினேன். ஒரு செருப்பு படியில், மற்றது முற்றத்தில். நெற்றி வெடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வலது மணிக்கட்டைத் தொட விடவில்லை. "கக்கூசுக்குப் போக எழும்பினனான் பிள்ளை. கண்ணுக்குள்ள இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஒண்டும் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "வயது போனால் விழுகிறதுதானே" என்றார்கள். முதல் இரண்டு நாளும் நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமி விழுந்ததற்கு வயது ஒரு காரணம். பிரசருக்கென்று சேர்ந்துகொண்டே போன குளிசைகள் இன்னொரு காரணம் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அந்தக் குளிசைகளை எழுதிய எவரையும் கவனமில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த இலக்கத்துக்குச் சரியான மருந்தைத்தான் எழுதினார். அந்த இலக்கம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பற்றியே இந்தக் கடிதம். 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். அளவீடு பிழைத்தால் விடையும் பிழைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், வீட்டுக்குள் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

கிளினிக் நாளில் நடப்பதைச் சொல்கிறேன். மாமி மூன்றரைக்கே எழும்பிவிடுவார். நம்பர் எடுக்க நாங்கள் ஐந்து மணிக்கு ஓட்டோவில் போக வேண்டும். "இரத்தம் எடுத்தாலும் எடுப்பினம்" என்று தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். அன்று காலைக் குளிசையும் போடமாட்டார். அன்றைக்கு எங்கள் நம்பர் 83. வாங்கில் மூன்றரை மணிநேரம் இருந்தோம். அதில் இரண்டு மணிநேரம் அவருக்குச் சலம் முட்டிக்கொண்டிருந்தது. "நான் போன நேரம் கூப்பிட்டால் நம்பர் போயிடும்" என்று அசையவே இல்லை. கூப்பிட்டதும் அவசர அவசரமாக எழும்பி நடந்து, இருந்த கையோடு பிரசர் பார்த்தார்கள். பட்டியைச் சட்டைக் கைக்கு மேலேயே சுற்றினார்கள். கை கதிரைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமி இரவு நித்திரை இல்லாததைப் பற்றி மிஸியிடம் கதைத்துக்கொண்டே இருந்தார். மெசின் 178/84 காட்டியது.

அவசரமாக நடந்து வந்தால், கதைத்தால், சலம் முட்டினால், கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கினால் பிரசர் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். போடவேண்டிய குளிசையைப் போடாமல் போனால் சொல்லவே தேவையில்லை. இத்தனையும் அன்று ஒன்றாகச் சேர்ந்தன. டொக்டர் கொப்பியைப் பார்த்தார். போன மாதமும் 170 சொச்சம். ஏற்கெனவே மூன்று குளிசை. நாலாவதாக, இரவில் போட பிரசோசின் எழுதினார். எங்களுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மாமி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தக் கொப்பியை ஆறுதலாக இருந்து புரட்டினேன். ஆடியில் அம்லோடிபின் என்ற பிரசர்க் குளிசை 5 மில்லிகிராமில் இருந்து 10 ஆனது. ஆவணியில் "கால் வீக்கம்" என்று எழுதியிருக்கிறது. புரட்டாதியில் வீக்கத்துக்குப் பிரூசமைட், அதாவது சலம் போற குளிசை. அம்லோடிபின் கூடினால் கணுக்கால் வீங்குவது எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. அந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல, சலம் போற குளிசைக்குப் பெரிதாக வற்றவும் மாட்டாது. ஒரு குளிசையின் விளைவை இன்னொரு நோய் என்று எண்ணி அதற்கும் ஒரு குளிசை. அது தொடங்கியதில் இருந்துதான் மாமி இரவில் மூன்று தரம் எழும்பத் தொடங்கினார். எங்கள் வீடு பழைய வீடு, மலசலகூடம் வெளியே. மூன்று தரம் எழும்புவதென்றால் மூன்று தரம் அந்தப் படி.

இதற்கு மேல் விரதம். சஷ்டிக்கு மாமி நெடுங்காலமாகப் பாலும் பழமும்தான். சாப்பாடும் தண்ணீரும் குறைந்திருந்தன, சலம் போற குளிசை வழமைபோல, இரவில் பிரசோசின். கிளினிக் போய் ஒன்பதாம் நாள் விழுந்தார்.

வாட்டில் ஒரு இளம் டொக்டர், பெண்பிள்ளை, மாமியைப் படுக்கவைத்துப் பிரசர் பார்த்தார். 146/78. பிறகு "ஆச்சி, மெல்ல எழும்புவம்" என்று தோளில் கைபோட்டு நிற்கவைத்தார். ஒரு நிமிடத்தில் 112/66. மூன்றாம் நிமிடத்தில் 108. மாமி "பிள்ளை, சுத்துது" என்றார். அந்தப் பிள்ளை உடனே கட்டிலில் இருத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமிக்குப் பிரசர் என்று கண்டுபிடித்துப் பத்தொன்பது வருடம். நிற்கவைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாம் எழும்பி நிற்கும்போது அரை லீற்றருக்கும் மேலான குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள உணரிகள் அதை அறிந்து, ஒருசில செக்கன்களில் இதயத்தை விரைவுபடுத்தி நாடிகளை இறுக்கி, மூளைக்குப் போகும் குருதியைக் காப்பாற்றுகின்றன. வயது போக இந்த ஏற்பாடு மந்தமாகிறது. பிரசோசின் போன்றவை நாடி இறுகுவதையே தடுப்பவை. சலம் போற குளிசை குருதியின் கனவளவைக் குறைப்பது. நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் இலக்கம் 20 அல்லது கீழ் இலக்கம் 10 இறங்கினால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. மாமிக்கு ஒரே நிமிடத்தில் 34 இறங்கியது.

அந்த டொக்டர் இன்னொன்றும் கேட்டார். "ஆச்சி வேற ஏதும் குளிசை போடுறவவோ?" இல்லை என்றேன். மாமி ஒன்றும் பேசாமல் தலையணைக்குக் கீழே கைவிட்டுத் தன் கொட்டைப்பெட்டியை எடுத்தார். வெற்றிலை போடும் காலத்தில் இருந்து வைத்திருக்கும் பனையோலைப் பெட்டி. அதற்குள், பாக்குச் சீவலுக்குப் பதிலாக, டைக்குளோபெனக் குளிசை அட்டை. முழங்கால் நோவுக்கு. சந்திப் பாமசியில் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு வாங்குவிப்பாராம், டொக்டரின் துண்டு ஒன்றும் கேட்பதில்லையாம். இந்த வகை நோக்குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துப் பிரசரை ஏற்றுபவை. பிரசர்க் குளிசை செய்யும் வேலையைக் கெடுப்பவை. லொசார்ட்டன் என்ற பிரசர்க் குளிசையும் சலம் போற குளிசையும் மாமியைப்போலப் போடும் ஒருவர் இதையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் பழுதாகும் ஆபத்தும் இருக்கிறது. மாதாமாதம் மாமியின் பிரசர் ஏன் ஏறியது என்ற கேள்விக்கு விடையில் பாதி அந்தக் கொட்டைப்பெட்டிக்குள் இருந்தது. நான் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

இதை வாசித்துவிட்டு யாரும் பிரசர்க் குளிசையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பயம் இருந்தபடியால்தான் இதை எழுத இத்தனை நாள் யோசித்தேன். ஏனென்றால் மருந்தில்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் கண்டவள் நான்.

1993இல் எங்கள் ஐயாவுக்கு 71 வயது. பிரசர் 168. ஊரில் இருந்த அப்போதிக்கரி ஒருவர், "வயசோட நூறைக் கூட்டுங்கோ, அதுக்குள்ள நிண்டால் பயமில்லை" என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் பலர் நம்பிய கணக்கு அது. 71உம் 100உம் 171. ஐயா கணக்குக்குள்தான் நின்றார். ஒருநாள் காலை கிணற்றடியில் பல்லுத்தீட்டிக்கொண்டு நின்றவருக்கு வாய் கோணி வலப்பக்கம் இழுத்துவிட்டது. போரால் பெற்றோல் இல்லாத காலம். சைக்கிள் கரியரில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடிக்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது. அதன் பிறகு நான்கு வருடம் பேச்சு இல்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இடக்கையால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். இப்போதும் எங்காவது மரத்தில் தட்டும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த நூறைக் கூட்டும் கணக்குப் பிழை என்பது அதற்கு இரண்டு வருடம் முன்னரே நிறுவப்பட்டிருந்தது என்று பின்னாளில்தான் அறிந்தேன். அமெரிக்காவில் 60 வயது கடந்த 4,736 பேரில் செய்து 1991இல் வெளிவந்த ஆய்வில், மேல் இலக்கம் மட்டும் கூடியிருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தபோது பாரிசவாதம் 36 வீதம் குறைந்தது. மின்சாரமும் கடதாசியும்கூட இல்லாமல் இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அந்தச் செய்தி எப்படி வந்து சேரும்? வயது போனவர்களில் நாடிகள் விறைத்துப்போவதால் மேல் இலக்கம் ஏறி, கீழ் இலக்கம் அப்படியே நிற்கும் அல்லது இறங்கும். "கீழ்ப் பிரசர் நல்லாத்தானே இருக்கு" என்று இன்றைக்கும் சொல்லி ஆறுதல்படுகிறோம். அதில் ஆறுதலுக்கு ஒன்றுமில்லை.

80 கடந்தவர்களுக்கும் மருந்து பயன் தருமா என்று நீண்ட காலம் சந்தேகம் இருந்தது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைத் தீர்த்தது. 80 வயதும் அதற்கு மேலுமான 3,845 பேர். ஒரு பகுதியினருக்கு இண்டபமைட், தேவைப்பட்டால் பெரிண்டோபிரில். மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. இலக்கு 150/80. மருந்து எடுத்தவர்களில் பாரிசவாதம் 30 வீதமும், இதயம் செயலிழப்பது 64 வீதமும், மொத்த மரணம் 21 வீதமும் குறைந்தன. பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். எனவே "இந்த வயதில் இனி என்ன குளிசை" என்று கேட்பவர்களுக்கு என் பதில், இந்த வயதிலும் குளிசை வேண்டும் என்பதுதான்.

ஆனால் அந்த ஆய்வில் ஒருவரைச் சேர்க்க முன்னர் அவரை எழுப்பி நிற்கவைத்துப் பிரசர் பார்த்தார்கள். நின்ற நிலையில் 140இற்குக் கீழ் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு 120இற்குக் கீழ் கொண்டுவருவது நல்லதென்று காட்டியது, 75 வயது கடந்த 2,636 பேர் அதில் இருந்தார்கள். அதிலும் நின்ற நிலையில் 110இற்குக் கீழ் இறங்கியவர்களை விலக்கினார்கள். நீரிழிவு உள்ளவர்களும், முன்னர் பாரிசவாதம் வந்தவர்களும் அதில் இல்லை. அங்கே பிரசர் எடுத்த முறையும் வேறு. ஐந்து நிமிடம் அமைதியாக இருத்தி, தானியங்கி மெசினால் எடுத்தார்கள். அந்த 120ஐ எங்கள் 83ஆம் நம்பரோடு ஒப்பிட முடியுமா? மருந்து நல்லது என்று நிறுவியவர்கள் முதலில் செய்த வேலையை விட்டுவிட்டு, மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் 80 வயதும் அதற்கு மேலுமானவர்களுக்குக் கிளினிக்கில் 150/90இற்குக் கீழ் என்பதையே இலக்காக வைக்கிறது. அந்த வயதினரை நிற்கவைத்தும் பார்க்கச் சொல்கிறது. நிற்கும்போது பெரிதாக இறங்கினால் நின்ற இலக்கத்தை வைத்தே மருந்தைத் தீர்மானிக்கச் சொல்கிறது.

கிளினிக்கில் இதற்கு எங்கே நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் நூறு பேருக்கு ஐந்து மணிநேரம். ஆகவே எல்லோருக்கும், எல்லா மாதமும் என்று நான் கேட்கவில்லை. 75 வயது கடந்த ஒருவருக்குப் பிரசர்க் குளிசை புதிதாகச் சேர்க்கும்போது அல்லது அளவைக் கூட்டும்போது மட்டும், எழுதுவதற்கு முன்னர் ஒரு தரம் நிற்கவைத்துப் பாருங்கள். விழுந்தேன், தலைசுற்றுகிறது என்று சொல்பவரையும் அப்படிப் பாருங்கள். அன்றன்று அப்படி ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். கிளினிக் கொப்பியில் "இருந்து", "நின்று" என்று இரண்டு நிரல் அச்சடித்தால் போதும், வெறுமையாக இருக்கும் நிரல் தானே நினைவூட்டும். நம்பரைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். வயது போனவர்கள் மலசலகூடத்துக்குப் போய்வந்தால் நம்பர் போகாது என்று காலையில் ஒரு தரம் உரத்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே பலருடைய பிரசர் இறங்கும்.

வீட்டில் நாங்கள் இப்போது செய்வதையும் சொல்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய மெசின் முதலிலேயே எங்களிடம் இருந்தது. அது நன்மையைவிடக் கலவரத்தைத்தான் கொடுத்தது. இரவு ஒன்பதுக்கு வீடியோ எடுத்து "அம்மா, பிரசர் எவ்வளவு?" என்று கேட்பார். 165 என்றால் அவருக்குக் கவலை, அதைக் கேட்டு மாமிக்குக் கவலை, திரும்பப் பார்த்தால் 172. மகனில் பிழையில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தாயின் உடம்பைத் தொட்டுப் பார்க்க அந்த இலக்கம் ஒன்றுதான் இருக்கிறது. இப்போது அவரோடு பேசி ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். கிளினிக்குக்கு முந்திய வாரம் மட்டும் பார்ப்போம். காலையில், குளிசைக்கு முன்னர், சலம் போய்விட்டு வந்து, முதுகு சாயும் கதிரையில் ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் இருப்பார். வெறும் மேற்கையில் பட்டியைச் சுற்றி, கையை மேசையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். பிறகு மாமியை எழுப்பி, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு நிமிடத்தில் ஒரு தரம், மூன்றாம் நிமிடத்தில் ஒரு தரம். எல்லாவற்றையும் சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். கனடாவுக்கு அந்தப் பக்கத்தின் படம் மட்டும் போகும்.

மருந்தை மாற்றியது நாங்களல்ல, டொக்டர்கள்தான். பிரசோசினும் பிரூசமைட்டும் நிறுத்தப்பட்டன. அம்லோடிபின் பழையபடி 5. லொசார்ட்டன் அப்படியே. முழங்காலுக்குப் பனடோலும் சுடுதண்ணீர் ஒத்தடமும். கால் வீக்கம் இரண்டு வாரத்தில் வற்றிவிட்டது. இப்போது இருந்து பார்த்தால் 140இற்கும் 150இற்கும் இடையில், நின்று பார்த்தால் 130 அளவில். இரவில் ஒரு தரம்தான் எழும்புகிறார். எழும்பினாலும் கட்டில் விளிம்பில் கொஞ்சநேரம் இருந்து, பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன்.

உப்பு விடயத்தில் நான் கடுமையாக இருந்து பார்த்தேன். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீடுகளில் ஊறுகாயும் மோர்மிளகாயும் கருவாடும் அப்பளமும் சேர்ந்தால் அது மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கருவாட்டையும் அப்பளத்தையும் நிறுத்தினேன். மாங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை விட்டுவைத்திருக்கிறேன். 84 வயதில் ஒருவர் சோறே வேண்டாம் என்று ஒதுக்கினால் அதுவும் ஒரு நோய்தான்.

விரதகாரர்களுக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்கும் அம்மாமாரைக் காண்கிறோம். அவர்களில் எத்தனை பேர் காலையில் பிரசர்க் குளிசையும் சலம் போற குளிசையும் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்களோ! மயங்கி விழுந்தால் "வெயில்" என்று தண்ணீர் தெளித்து அனுப்புகிறோம். விரதம் தொடங்க முன்னர் அந்த நாட்களில் எந்தக் குளிசையை எப்படிப் போடுவது என்று டொக்டரிடம் கேளுங்கள். மாமியை நான் கேட்கவைக்கவில்லை. இந்த வருடம் சஷ்டிக்கு முதல் கட்டாயம் கேட்போம், கேட்ட பிறகுதான் காப்புக்கட்டு.

மாமியின் மணிக்கட்டு பொருந்திவிட்டது, விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. பூக்கட்ட முடியவில்லை என்பதுதான் அவருடைய பெரிய துக்கம். அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. கிளினிக் கொப்பியில் அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் "நின்று" என்று ஒரு நிரல் கீறியிருக்கிறேன். காலைக் குளிசையைப் போட்டுவிட்டு, கொட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
மானிப்பாய்.
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும்)